ஏட்டையா தூக்கிவிட்ட வண்டி

மாடத்திக்கும் அவள் அண்ணன் வேல்ராஜுக்கும் ஆகாது என்பது அச்சன்புதூரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரே காம்பவுண்டு. முன்வீட்டில் அவன், பின்வீட்டில் அவள். அவன் போலீஸ் ஏட்டு. அவள் குற்றாலத்துப் புரோட்டாக் கடைகளுக்கு முட்டை போடுகிறவள். இரண்டு பேருக்கும் நடுவில், வாசலை அடைத்துக்கொண்டு, அவர்கள் அப்பா இசக்கியப்பன் விட்டுப்போன பழைய பிக்கப் வண்டி நின்றது. ஆம்பளைப் பிள்ளை கல்லுக்குண்டு மாதிரி இருக்கும்போது வண்டியை மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டு அவர் கண்ணை மூடினார். வேல்ராஜ் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தான். ஆனால் அப்பாவை மன்னிக்கவில்லை.

வண்டிக்கு மாடத்தியைவிட வயது கூடுதல். உருண்டை முகம், முன்னால் இரண்டு பேர் உட்கார இடம், பின்னால் திறந்த பாடி. அதில் விசேஷம் என்னவென்றால், தரையோடு தரையாகத் தாழ்ந்து நிற்கும். கொல்லத்துப் பையன்கள் காரை இப்படி இறக்கிக்கொண்டு, பாட்டை அலறவிட்டு, செங்கோட்டை வழியாகக் குற்றாலத்துக்குக் குளிக்க வருவதைப் பார்த்துச் சலித்த ஊர் இது. அதனால் மாடத்தியின் வண்டியைப் பார்த்ததும் டீக்கடையில் ஒருத்தன் கட்டாயம் வாயைத் திறப்பான். "ஏலே, ஏட்டையா தங்கச்சி ஸ்டைலப் பாத்தியா!" விஷயம் தெரியாமல் பேசுகிறவன் இல்லை அவன். தெரிந்தே பேசுவான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

விஷயம் இதுதான். மாடத்திக்கு இடது கால் இளம்பிள்ளை வாதத்தில் சூம்பியது. இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிப்பரை மாட்டினால்தான் நிற்க முடியும். சாதாரண பிக்கப் வண்டியின் சீட்டு அவள் நெஞ்சு உயரத்துக்கு இருக்கும். ஒற்றைக் காலால் அதில் தாவ முடியாது. அவளுக்கு இருபது வயது ஆனபோது இசக்கியப்பன் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோய், வளைந்திருந்த ஸ்பிரிங் பட்டைகளை அடித்து நிமிர்த்தி, சீட்டு அவள் இடுப்புக்கு நேராக வரும்வரை இறக்கச் சொன்னார். கிளட்சைக் கையால் பிடிக்க ஒரு பிடியும் வைத்துக் கொடுத்தார். முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்தினால் முடிந்தது. ஒருத்தர் கை வேண்டாம். அந்த 'ஒருத்தர் கை வேண்டாம்' என்பதுதான் மாடத்தியின் மொத்தச் சொத்து.

ஆனால் அப்பா இறக்கியது வாரம் ஒருநாள் சந்தைக்குப் போய்வருவதற்கு. மாடத்தியோ தினமும் விடிவதற்கு முன் குத்துக்கல்வலசை குடோனில் முட்டை ஏற்றி, இலஞ்சி தாண்டிக் குற்றாலம் போகிறவள். வழிநெடுக வேகத்தடை. எவன் வீட்டு முன்னால் எவன் போட்டதென்று தெரியாத வேகத்தடைகள். இறக்கிய வண்டியில் சக்கரத்தின் அச்சுக்கும் மேலே இருக்கும் சேஸ் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்கூட இல்லை. ஒவ்வொரு தடையிலும் அச்சு போய்ச் சேஸில் 'டங்'கென்று முட்டும். அந்த முட்டு அவள் முதுகெலும்பில் அடியிலிருந்து உச்சிவரை ஏறும். இப்படியே ஓட்டினால் நல்ல காலும் போய்விடும் என்று தென்காசி டாக்டர் பயமுறுத்தியிருந்தார்.

முட்டைகளுக்கு டாக்டர் கிடையாது. குற்றாலத்தில் புரோட்டாக் கடை வைத்திருக்கும் கைலாசம் ஒருநாள் மேல் அட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கல்லாவில் இருந்தபடியே எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "ஏட்டி, நீ முட்டை கொண்டுவாரியா, ஆம்லெட் கொண்டுவாரியா? நாளைக்கும் இப்பிடித்தான்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

"பாத்துக்கிடும் அண்ணாச்சி. வேற ஆளு கடனுக்குப் போடுவானான்னும் கேட்டுக்கிடும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வாய்க்கு மட்டும் வாதம் வரவில்லை என்று கைலாசம் முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்தால் வேல்ராஜ் கேட்டில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தான்.

"என்னட்டி, இன்னைக்கு எத்தன ஒடஞ்சுது?"

"உனக்குப் பொரிச்சுத் தர அளவுக்கு ஒடையல."

"ஸ்டேஷன்ல சிரிக்கான். இறக்குன வண்டியப் பிடிச்சு ஃபைன் போடுறது நானு. என் வீட்டு வாசல்ல ஒண்ணு நிக்குது. ஒண்ணு வண்டியத் தூக்கு. இல்ல வித்துத் தொலை."

"தூக்குனா நான் எப்பிடி ஏறுவேன்?"

"நீ எதுக்கு ஏறணும்?" என்றான் அவன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு எரிந்தது. அவன் பெண்டாட்டி சங்கரேஸ்வரி உள்ளேயிருந்து, "வாசல் தெளிக்க எடமில்ல, வண்டியாம் வண்டி" என்று தன் பங்குக்கு ஒரு வாளித் தண்ணீரை டயரில் ஊற்றினாள்.

மாடத்தி அன்றைக்கே செங்கோட்டைக்குப் போனாள். ரயில் நிலையத்துப் பக்கம் முஃபீத் என்பவன் ஸ்பிரிங் பட்டறை வைத்திருந்தான். கேரளத்துப் பையன்களின் வண்டிகளை இறக்கிக் கொடுத்துப் பேர் வாங்கியவன். சிரிக்கத் தெரியாதவன். வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து கையைத் துடைத்தான்.

"சேச்சி, இது வண்டியில்ல, பலகை. இதுல எப்பிடி டெய்லி ஓட்டுதிய?"

"பல்லைக் கடிச்சுக்கிட்டு. உயரம் ஒரு விரக்கடைகூடக் கூடக்கூடாது. ஆனா இடிக்கவும் கூடாது. ஆகுமா?"

"ஆகும். அவசரப்படுத்துனா ஆகாது. பக்கத்துல நின்னு தொணதொணன்னாலும் ஆகாது."

அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். முட்டையை வாடகை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, தினமும் பஸ்ஸில் வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கண்கொட்டாமல் பார்த்தாள். முஃபீத் அச்சுக்கு நேர் மேலே சேஸை வளைவாக வெட்டி, சுற்றிலும் கனத்த தகடு வைத்துப் பற்றவைத்தான். அச்சு மேலே எழும்பினால் முட்டாமல் போய்வர இடம் கிடைத்தது. தடித்த பழைய பட்டைகளைக் கழற்றிவிட்டு, நீளமாக, மெல்லியதாக, எண்ணிக்கை குறைவாகப் புதுப் பட்டைகள் போட்டான். தாழ்ந்த வண்டிக்குத் தோதான குட்டையான ஷாக் அப்சார்பர்கள் வாங்கி மாட்டினான். அச்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டுகளை முறுக்கும்போது, பேச்சுத் தொந்தரவு தாங்காமல் ஸ்பேனரை அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். "கேட்டுக்கிட்டே இருக்காம நீங்களே முறுக்குங்க. மதின்னு சொன்னா நிறுத்தணும்." அவள் காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டு, சாக்கை விரித்து அடியில் போய் முறுக்கினாள். முட்டை அட்டை தூக்கித் தூக்கி உரம் ஏறிய கை. அவன் 'மதி' சொல்வதற்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் வண்டியை எடுத்தாள். உயரம் அதே உயரம். முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, கதவைச் சாத்தினாள். குத்துக்கல்வலசையில் முட்டையை ஏற்றிக்கொண்டு, அவள் எப்போதும் கண்ணை மூடிக்கொள்ளும் அந்தப் பெரிய வேகத்தடைக்கு வந்தபோது பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்தாள். வண்டி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கிப் போய்விட்டது. 'டங்' இல்லை. அவள் நிறுத்தி, பின்னால் எடுத்து, இன்னொரு தடவை ஏற்றி இறக்கினாள். பிறகு யாருமில்லாத அந்த ரோட்டில் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழுதாள். கைலாசம் அட்டை அட்டையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, உடைந்தது ஒன்றும் அகப்படாத எரிச்சலில், "சின்ன முட்டையால்லா இருக்கு" என்றார்.

அதோடு முடிந்திருந்தால் கதை இல்லை.

அன்று சாயங்காலம் வேல்ராஜ் பின்வீட்டுக்கு வந்தான். வந்தவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். மாடத்திக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதால் ஆடு ஓடிவிட வேண்டாமா?

"வேலை நல்லா வந்திருக்காம்லா. சொன்னாவ" என்றான். "அப்பா வண்டி. பூஜைக்கு நல்லபடியா நிறுத்தணும். நாளைக்கு நானே கொண்டுபோய் வாட்டர் சர்வீஸ் விட்டு, அடியில ஆயில் அடிச்சுக் கொண்டாந்திருதேன். நீ நொண்டிக்கிட்டு அங்கன போய் நிக்க வேண்டாம்."

'நொண்டிக்கிட்டு' என்ற சொல்லைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வண்டிச் சாவி வீட்டுக்கு மூத்த ஆண் கைக்குப் போகும். அவன்தான் வண்டியைக் கழுவி நிறுத்த வேண்டும். சாவியைப் பூஜைத் தட்டில் வைத்து, மறுநாள் முதல் எலுமிச்சம்பழத்தை அவன்தான் நசுக்க வேண்டும். அப்பா இருந்தவரை அப்பா. அப்புறம் வேல்ராஜ். எத்தனை சண்டை நடந்தாலும் அந்த ஒரு நாள் மட்டும் மாடத்தி வாயைத் திறக்காமல் சாவியைக் கொடுத்துவிடுவாள். சாமி காரியத்தில் அண்ணன் சாமிக்குப் பயப்படுவான் என்று நினைத்தாள். வருஷம் முழுக்க அவனை நம்பாதவள் வருஷத்தில் ஒருநாள் நம்பினாள்.

மறுநாள் வண்டி போனது. இருட்டியபிறகு வந்து, முன்வீட்டு ஷெட்டில் ஏறியது. ஷெட்டுக்குப் படுதா போட்டாகிவிட்டது. பூஜைக்கு வைத்த வண்டியைப் போய்ப் பார்ப்பது வழக்கமில்லை என்று சங்கரேஸ்வரி கதவிலேயே நின்று சொல்லி அனுப்பிவிட்டாள். சொல்லும்போது அவள் மாடத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

பூஜையன்று காலையில் சொந்தக்காரர்கள் எல்லாம் காம்பவுண்டில் கூடியிருந்தார்கள். வேல்ராஜின் ஸ்டேஷன் ஆட்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பூஜை முடிந்ததும் வண்டியில் ஊர் அம்மன் கோயில்வரை போய்வருவதாக ஏற்பாடு. படுதாவை எடுத்தார்கள். மாடத்தி வண்டியின் மாலையைத்தான் முதலில் பார்த்தாள். மாலை அவள் நெஞ்சுக்கு நேராகத் தொங்கியது. எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கும் மாலை.

வண்டி உயர்ந்து நின்றது. தாழ்ந்திருந்த வண்டி ரதம் மாதிரி நாலு எலுமிச்சம்பழத்தின் முன்னால் நின்றது. அவள் காலிப்பரை ஊன்றிக்கொண்டு கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். நாலு சக்கரத்திலும் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு சாண் உயரத்துக்கு இரும்புக் கட்டை வைத்து, நீளமான யூ போல்ட்டால் இறுக்கியிருந்தார்கள். அவளுடைய மெல்லிய பட்டைகளுக்கு அடியில் லாரிப் பட்டை ஒன்று சொருகியிருந்தது. சீட்டு அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"என்ன பாக்குதே?" என்றான் வேல்ராஜ். குளித்து, விபூதி பூசி, வெள்ளை வேட்டியில் இருந்தான். "அப்பா காலத்துல எப்பிடி நின்னுதோ, அப்பிடி நிறுத்தியிருக்கேன். பட்டை கூடுனாத்தான் பலம். செங்கோட்டையான் உன்னை ஏமாத்தியிருக்கான்."

"இறக்குனதே அப்பாதான்."

"அப்பாவுக்குக் கடைசியில கோட்டி பிடிச்சிருந்துது" என்றான் அவன். சொந்தக்காரர் ஒருவர் 'ச்சூ' கொட்டினார். அப்பாவுக்கா மாடத்திக்கா என்று தெரியவில்லை.

"நான் எப்பிடி ஏறுவேன்?"

"டிரைவர் போட்டுக்கோ. இல்ல, நான் இருக்கேன்லா." அவன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் நீட்டினான். "வா, தூக்கி உக்கார வைக்கேன். அண்ணன் தூக்குனா என்ன கொறஞ்சா போயிருவே?"

ஸ்டேஷன் ஆட்களில் ஒருவன் சிரித்தான். நல்ல அண்ணன் என்று நினைத்துச் சிரித்தானோ என்னவோ. நீட்டிய கையோடு அவன் நின்ற அந்த நேரத்தில் மாடத்திக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவனுக்கு வண்டிகூட முக்கியமில்லை. தினமும் காலையில் அவள் முன்வீட்டு வாசலில் வந்து நின்று, 'அண்ணே, தூக்கி விடு' என்று கேட்க வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு இரும்பு. இத்தனை வருஷத்தில் அவனை இந்த அளவுக்கு அவள் வெறுத்ததில்லை.

அவள் நீட்டிய கையைத் தாண்டிப் பூஜை மேசைக்குப் போனாள். வேல்ராஜ் தட்டில் இருந்த சாவியைச் சட்டென்று எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டான். அவள் சாவியைத் தேடவில்லை. அப்பாவின் ஸ்பேனர்கள் சந்தனமும் குங்குமமும் வைத்து வரிசையாக இருந்தன. அதில் பெரியது ஒன்றை எடுத்தாள்.

கூட்டம் ஒரே குரலாக, "ஐயையோ!" என்றது. "பூஜையில வச்ச ஆயுதத்த நாளைக்கு வரை தொடப்படாதுட்டி! வை, வை!"

"பூஜைக்குன்னு வாங்கிட்டுப் போன வண்டியில நேத்து கை வச்சாம்லா ஒருத்தன், அப்ப எங்கன போனிய எல்லாரும்?"

வழக்கம், வழக்கம் என்று வருஷம் பூராவும் பேசுகிறவன் வேல்ராஜ். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். அவன் வாய் திறப்பதற்குள் அவள் வண்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் பார்க்கக் காலிப்பரின் வாரை அவிழ்த்து, அதைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பந்தியில் விரிக்க வைத்திருந்த சாக்கை இழுத்துப் போட்டு, மல்லாந்து, கையாலேயே தன்னை இழுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனாள்.

நின்றால்தான் அவளுக்குக் கால் வேண்டும். படுத்தால் வேண்டாம். முஃபீத்தின் பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கியபிறகுதான் உள்ளே போக முடிந்தது. இங்கே அண்ணனே தூக்கி வைத்திருந்தான். தாராளமாகக் கை வீசலாம் போலிருந்தது.

"மாடத்தி, வெளிய வா. நல்ல நேரம் போகுது" என்றான் வேல்ராஜ். குரலில் ஏட்டு வந்துவிட்டிருந்தார்.

"போகட்டும்."

"வாரியா, வண்டிய எடுக்கட்டுமா?"

"எடு."

அவன் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. ஏறுவதற்கு அவனுக்குமே உயரமாகத்தான் இருந்தது. ஒரு தடவை கால் வழுக்கி, இரண்டாம் தடவைதான் ஏறினான். வண்டி அவன் கனத்தில் அசைந்தது. அவள் முகத்துக்கு மேலே அச்சு அசைந்தது. சாவி துவாரத்தில் நுழைகிற சத்தம்கூட அவளுக்குக் கேட்டது. அவன் எடுத்தாலும் எடுப்பான். அந்த அளவுக்கு வெறுப்பு அவனிடம் உண்டு என்று அவளுக்குத் தெரியும், ஏனென்றால் அதே அளவு அவளிடமும் இருந்தது.

ஸ்பேனரை முதல் நட்டில் மாட்டினாள். கூலிக்கு வந்தவன் அவசரத்தில் முறுக்கியது. அவள் அழுத்தியதும் அரைச் சுற்று வந்துவிட்டது. எதிர்ப்பக்கத்து நட்டையும் தளர்த்தினாள்.

"அண்ணே, யூ போல்ட்டக் கழட்டிக்கிட்டிருக்கேன்" என்று சத்தமாகச் சொன்னாள். "இப்ப எடுத்தா அச்சு ஒரு பக்கம் போவும், நீ ஒரு பக்கம் போவே. என் மேலதான் ஏறும். உன் ஸ்டேஷன் ஆளுகளே நிக்கானுவ. சாட்சிக்கு வெளிய போக வேண்டாம். எடு."

வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் காம்பவுண்டு முழுக்கக் கால்கள்தான். வெடிப்பு விழுந்த கால், மருதாணி வைத்த கால், சேற்றுப்புண் வந்த கால். வாழ்நாள் முழுக்க இத்தனை பேரும் அவள் காலைத்தான் பார்த்தார்கள். இன்றைக்கு அவள் எல்லோர் காலையும் பார்த்தாள். ஒன்றும் அப்படிப் பிரமாதமாக இல்லை.

வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. வேல்ராஜின் கால்கள் தரையைத் தேடித் துழாவி, பொத்தென்று குதித்தன. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு சாவி மண்ணில் வந்து விழுந்தது. கால்கள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டன. அவன் பின்னாலேயே ஸ்டேஷன் கால்கள் இரண்டு ஜோடியும் போயின.

அடுத்தது, பட்டைகளைக் கட்டையோடு கோத்திருந்த நேர் போல்ட்டின் நட்டு. அது தனியாகச் சுற்றவில்லை. மேலே போல்ட்டும் கூடவே சுற்றியது. பிடித்துக்கொள்ள இன்னொரு ஸ்பேனர் வேண்டும். அது பூஜை மேசையில் இருந்தது. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள்.

"இன்னொரு ஸ்பேனர் வேணும்" என்று பொதுவாகக் கத்தினாள்.

ஒரு காலும் அசையவில்லை. அவளும் கத்துவதை விட்டுவிட்டு வெறுங்கையால் போல்ட்டைப் பிடித்துப் பார்த்தாள். விரல் தோல் உரிந்தது. அப்போது வீட்டுப் பக்கமிருந்து மெட்டி போட்ட இரண்டு கால்கள் வந்து, கழற்றி வைத்த காலிப்பருக்குப் பக்கத்தில் நின்றன. சங்கரேஸ்வரியின் கால்கள். வாளித் தண்ணீர் வரப்போகிறது என்று மாடத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வந்தது ஸ்பேனர். சந்தனம் துடைத்திருந்தது.

மாடத்தி வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் மைனி காது கொடுத்திருக்க மாட்டாள். "வாசல் தெளிக்கணும், சீக்கிரம் முடி" என்று மட்டும் மேலேயிருந்து குரல் வந்தது.

இரண்டு ஸ்பேனரையும் போட்டுச் சுற்றினாள். நட்டு கழன்று கையில் விழுந்தது. அதை வெளியே உருட்டிவிட்டாள். அது மண்ணில் ஓடி, வேல்ராஜ் நசுக்காமல் போன எலுமிச்சம்பழத்தில் முட்டி நின்றது.